யானை ஓடுமா?

நடை என்னும் சொல்லைத் தமிழ் பலவாறு ஆளும். காலால் நடப்பதும் நடை. ஒருவரது ஒழுக்கமும் நடை. எழுத்தாளன் சொற்களைக் கோக்கும் முறையும் நடை. பல்கலைக்கழகத்திலே தமிழைச் சிறப்புப் பாடமாகப் பயின்ற நாம் மூன்றாவது நடையைப் பற்றியே அதிகம் பேசி வந்திருக்கிறோம். முதலாவது நடையைப் பற்றி, அஃதாவது உயிருள்ள உடம்பொன்று தன் எடையைத் தானே தூக்கிக்கொண்டு மண்மீது எவ்வாறு பெயர்கிறது என்பதைப் பற்றி, நமது இலக்கிய ஏடுகள் பேசுவது அரிது. அது விஞ்ஞானிகளின் காரியம் என்று விட்டுவிடுகிறோம்.

ஆனால், அந்த விஞ்ஞானத்தின் வரலாற்றைச் சற்று ஊன்றிப் படிப்போர் அதனுள்ளே நமக்கு நன்கு பழகிய வினாவொன்று கிடப்பதைக் காண்பர். சுமையை யார் சுமக்கின்றனர், பெயரை யார் பெறுகின்றனர் என்பதே அவ்வினா. விலங்குகளின் அசைவையும், பரிணாமத்தில் அவ்வசைவு உருவான விதத்தையும் ஆராயும் துறையை முன்வைத்து அவ்வினாவை இங்கே நோக்குவோம்.

இத்துறையின் அடிப்படைக் கணக்கு பத்தாம் வகுப்பு மாணவனுக்கும் விளங்கக்கூடியது. 1638ஆம் ஆண்டில் வெளிவந்த தமது நூலிலே கலிலியோ அதனை எடுத்துக் காட்டினார். சமயபீடத்தின் தண்டனைக்கு ஆளாகி வீட்டுக்காவலில் இருந்த காலத்தில் முடித்த நூல் அது. இத்தாலியில் அன்றி ஒல்லாந்தின் லெய்டன் நகரிலேயே அச்சேறியது. ஒரு விலங்கை நீளம், அகலம், உயரம் ஆகிய மூன்றிலும் இருமடங்காக்கினால் அதன் எடை எட்டு மடங்காகும். எலும்பின் வலிமையோ அதன் குறுக்குவெட்டுப் பரப்பைப் பொறுத்தது. அப்பரப்பு நான்கு மடங்குதான் ஆகும். எனவே எலும்பின் ஒவ்வொரு சிறு பகுதியும் முன்னையிலும் இரட்டிப்புச் சுமையைத் தாங்க வேண்டியதாகிறது. ஆதலின் எலியைப் பெருப்பித்து யானை ஆக்க முடியாது. பெரிய உடம்புக்கு வேறு எலும்பு, வேறு கால், வேறு நடை வேண்டும்.

கலிலியோவுக்குப் பின் வந்த பொரெல்லி என்பார் தசைகளை நெம்புகோற் கணக்கினால் ஆராய்ந்தார். அவர் கண்ட முடிபு அக்காலத்தவரை வியப்பில் ஆழ்த்தியது. முழங்கையை மடித்துப் பத்துக் கிலோ அரிசிப் பையொன்றைக் கையில் ஏந்துகிறோம். மேற்கைத் தசை மூட்டுக்கு மிக அருகிலே பொருந்தியிருப்பதால், அது ஏறத்தாழ எழுபது எண்பது கிலோ எடைக்குச் சமமான விசையோடு இழுக்க வேண்டியிருக்கிறது. துறைமுகத்திலும் சந்தையிலும் மூட்டை சுமப்பவனுக்குக் கூலி மூட்டையின் எடைக்கே. அவனுடைய தசை சுமந்ததோ அதனிற் பன்மடங்கு. இந்த உண்மையைச் சொன்ன பொரெல்லி தமது இறுதி நாட்களில் வறியவராய், உரோமாபுரியிலே சமயத்தவர் நடத்திய பாடசாலையொன்றில் ஒதுங்கிப் பிள்ளைகளுக்குக் கணிதம் புகட்டி வாழ்ந்தார். 1679இல் அவர் இறந்த பின்னரே விலங்குகளின் அசைவு பற்றிய அவரது பெருநூல் வெளிவந்தது.

அடுத்த பெரும் அடி 1878இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் எடுத்து வைக்கப்பட்டது. குதிரையின் கதியை ஐந்தாக வகுத்துச் சொல்லும் மரபு நம்மிடையே உண்டு. ஆயினும், பாய்ந்து செல்லும் குதிரையின் நான்கு கால்களும் ஒரே கணத்தில் நிலத்தை விட்டு நீங்குமா என்பதை வெறுங்கண்ணால் எவரும் தீர்த்துச் சொல்ல முடியவில்லை. லீலண்ட் ஸ்டான்போர்ட் என்ற செல்வர் இவ்விடயத்தில் ஆவல் கொண்டார். அவர் கலிபோர்னியாவின் முன்னாள் ஆளுநர்; சென்ட்ரல் பசிபிக் புகையிரதக் கம்பனியின் தலைவர். அந்தப் புகையிரதப் பாதைக்காக மலைகளைக் குடைந்தவர்கள் ஆயிரக்கணக்கான சீனத் தொழிலாளர். அவர்கள் பிளந்த பாறையிலிருந்து பெருகிய செல்வத்திலே ஸ்டான்போர்ட் பந்தயக் குதிரைகள் வளர்த்தார்.

பாலோ ஆல்டோ என்னும் இடத்திலிருந்த அவரது பண்ணையில் மைபிரிட்ஜ் என்னும் புகைப்படக் கலைஞர் பன்னிரண்டு கமராக்களை ஓடுபாதையின் ஓரமாக வரிசையில் நிறுத்தினார். பெண் குதிரையொன்று ஓடுகையில் குறுக்கே கட்டியிருந்த நூல்கள் அறுந்து, கமராக்கள் ஒன்றன்பின் ஒன்றாக இயங்கின. ஐயம் தீர்ந்தது. நான்கு கால்களும் நிலத்தை விட்டு நீங்கத்தான் செய்கின்றன. ஆனால் ஓவியர்கள் தீட்டி வந்தது போல முன்கால் முன்னேயும் பின்கால் பின்னேயும் விரிந்த நிலையிலன்று. நான்கும் வயிற்றின் கீழே ஒடுங்கிய நிலையில்.

இனி நடந்ததைக் கேளுங்கள். 1882இல் ஸ்டான்போர்ட்டின் ஆதரவில் குதிரையின் அசைவு பற்றிய நூலொன்று வெளிவந்தது. நூலாசிரியராக அவரது நண்பராகிய வைத்தியர் ஸ்டில்மனின் பெயர் பொறிக்கப்பட்டிருந்தது. படம் எடுத்தவர் வெறும் கூலியாளாகவே அந்நூலிற் குறிக்கப்பட்டார். மைபிரிட்ஜ் வழக்குத் தொடர்ந்தார், தோற்றார். பாறை பிளந்தவனுக்கும் படம் எடுத்தவனுக்கும் முதலாளியின் கணக்குப் புத்தகத்தில் ஒரே பத்திதான்.

அதே பாலோ ஆல்டோ பண்ணையின் மீதுதான் ஸ்டான்போர்ட் தம் மகனின் நினைவாக நிறுவிய பல்கலைக்கழகம் 1891இல் திறக்கப்பட்டது. குதிரையின் வினாவுக்கு விடை கண்ட அந்த நிலத்திலிருந்தே, ஏறத்தாழ நூற்றிருபத்தைந்து ஆண்டுகளின் பின், யானையின் வினாவுக்கு விடை தேடி ஒருவர் புறப்பட்டார். ஜோன் ஹட்சின்சன் என்னும் அவர் அப்போது பேராசிரியர் அல்லர். கலாநிதிப் பட்டம் பெற்ற பின்னர் நிலையான பதவி இல்லாமல் குறித்த காலத்துக்கு மட்டும் நியமிக்கப்படும் ஆய்வாளராக ஸ்டான்போர்ட்டில் இருந்தார். பின்னாளில் லண்டனிலுள்ள றோயல் மிருக வைத்தியக் கல்லூரியிற் சேர்ந்து பேராசிரியரானார்.

யானை ஓடுமா? வினா எளிது போலத் தோன்றும். ஆனால் அதற்குமுன் ஓட்டம் என்றால் என்ன என்று வரையறுக்க வேண்டும். தந்தையின் கையைப் பிடித்துச் சந்தைக்குப் போகும் சிறு பிள்ளையை நோக்குங்கள். தந்தை நடக்கிறார், பிள்ளையோ ஓடுகிறது. இருவரது வேகமும் ஒன்றே. காலின் நீளந்தான் வேறு. கப்பற் பொறியியலாளராகிய வில்லியம் புரூட் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கப்பல் மாதிரிகளை வைத்துக் கண்ட விதியொன்றை, லீட்ஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் மக்னீல் அலெக்சாண்டர் விலங்குகளின் கால்களுக்குப் பொருத்தினார். வேகத்தின் வர்க்கத்தைக் காலின் நீளத்தாலும் புவியீர்ப்பாலும் வகுத்தால் ஓர் எண் வரும். அவ்வெண் ஏறத்தாழ அரையை எட்டும்போது பெரும்பாலான விலங்குகள் நடையை விட்டு ஓட்டத்துக்கு மாறுகின்றன. அரை மீற்றருக்கும் குறைந்த கால் உடைய பிள்ளை, தந்தையின் சாதாரண நடை வேகத்திலேயே அந்த எல்லைக்கு வந்துவிடுகிறது. கல்லாகிவிட்ட டைனோசர் காலடிகளிலிருந்து அவற்றின் வேகத்தை மதிப்பிடும் வழியையும் 1976இல் அலெக்சாண்டரே காட்டினார்.

ஹட்சின்சனும் துணைவர்களும் தாய்லாந்துக்குச் சென்று, 42 யானைகளின் மூட்டுகளிலே வண்ணப் பொட்டிட்டு, அவை விரையும்போது வீடியோப் படம் எடுத்தனர். 2003இல் அவர்களது முடிபு வெளிவந்தது. மிக வேகமாய்ச் சென்ற யானையின் வேகம் செக்கனுக்கு 6.8 மீற்றர். அஃதாவது நூறு மீற்றரை ஏறத்தாழப் பதினைந்து செக்கனிற் கடக்கும் வேகம். புரூட்டின் கணக்குப்படி அந்த வேகத்தில் வேறெந்த விலங்கும் எப்போதோ ஓட்டத்துக்கு மாறியிருக்கும். யானையோ கால் வைக்கும் ஒழுங்கை மாற்றவே இல்லை. நான்கு கால்களையும் ஒருங்கே நிலத்திலிருந்து எடுக்கவும் இல்லை. எனினும் அதன் இடுப்பு ஓடும் விலங்கினுடையது போல் அமிழ்ந்து எழும் சாயலைக் காட்டியது. ஆகவே அது நடையும் ஓட்டமும் கலந்த ஒன்று.

2010இல் வேறொரு குழுவினர் 34 ஆசிய யானைகளைத் தரையின் விசையை அளக்கும் தட்டுகளின் மேல் நடக்கச் செய்து ஆராய்ந்தனர். யானையின் உடலெடையின் நடுப்புள்ளி மெல்ல நடக்கையில் மூன்று சென்ரிமீற்றர் அளவே ஏறி இறங்குகிறது. வேகம் கூடக் கூட அது ஒரு சென்ரிமீற்றராகக் குறைகிறது. ஒவ்வொரு கிலோ எடையையும் ஒவ்வொரு மீற்றர் தூரம் கொண்டு செல்ல யானை செய்யும் வேலை, ஏனைய பாலூட்டிகள் செய்யும் சராசரி வேலையில் மூன்றிலொரு பங்குதான். நிறை குடத்தைத் தலையிலே சுமந்து தளம்பாமல் நடக்கும் பெண்ணை நினைவூட்டும் சிக்கனம் இது.

இந்த ஆய்வுகளில் யாவரும் கவனிக்கத்தக்க இன்னொரு செய்தி உண்டு. வளர்ப்பு யானைகளைப் பாகரின்றி எவரால் அளக்க முடியும்? எந்த யானை எப்போது விரையும், எது வெகுளும், எதற்கு எந்தச் சொல் பிடிக்கும் என்பதெல்லாம் அவர்களுடைய அறிவு. 2003ஆம் ஆண்டுக் கட்டுரையின் நான்கு ஆசிரியர்களுள் ஒருவர், தாய்லாந்திலே நெடுங்காலம் யானைகளோடு வாழ்ந்து பாகரின் அறிவை மதித்துக் கற்ற ரிச்சர்ட் லெயர். அது நற்செயல். ஆயினும் பாகர் எவரின் பெயரும் அத்தலைப்பின் கீழ் இல்லை.

பரிணாமத்தின் பக்கத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். 1993இல் வெளிவந்த ஜுராசிக் பார்க் திரைப்படத்தில் டைரனோசோரஸ் என்னும் பெரிய டைனோசர் ஜீப் வண்டியைத் துரத்துகிறது. அவ்வாறு அதிவேகமாய் ஓடுவதற்கு அதன் இரு கால்களின் தசை மட்டும் உடலெடையில் நூற்றுக்கு 86 பங்காக இருந்திருக்க வேண்டும் என ஹட்சின்சனும் கார்சியாவும் 2002இல் கணக்கிட்டனர். தலைக்கும் குடலுக்கும் எஞ்சுவது பதினான்கு பங்கு. அப்படி ஓர் உயிர் இருத்தல் இயலாது. யானையின் பாதத்திலோ ஆறாவது விரல் போன்ற ஓர் அமைப்பு உண்டு. 1706இல் ஸ்கொத்லாந்தின் டண்டி நகருக்கு அண்மையில் இறந்த யானையொன்றை அறுத்துப் பார்த்த வைத்தியர் பற்றிக் பிளேயர் அதனைக் கண்டிருந்தார். அது எடை தாங்க உதவும் ஒரு முட்டு என்பதையும், ஏறத்தாழ நான்கு கோடி ஆண்டுகளின் முன், யானையின் மூதாதையர் உடல் பெருத்து நிலவாழ்வுக்கே உரியவரான காலத்தில் அது உருவாயிற்று என்பதையும் ஹட்சின்சன் குழுவினர் 2011இல் வெளியிட்டனர். இடையில் மூந்நூற்றைந்து ஆண்டுகள் கழிந்தன.

வல்லதே வாழும் என்பது பரிணாமத்தின் தீர்ப்பு என்றும், ஆதலின் எளியவன் வீழ்வது இயற்கை என்றும் சொல்லி வந்தோர் பலர். அத்தொடரை 1864இல் ஆக்கியவர் டார்வின் அல்லர், ஹெர்பர்ட் ஸ்பென்சரே. விலங்குகளின் கால்கள் அவர்களுக்குச் சான்று கூறவில்லை. குதிரையின் கால் விரைவுக்காக எலும்பின் பருமனைக் குறைத்தது. யானையின் கால் தாங்குதலுக்காகப் பாய்ச்சலைத் துறந்தது. இரண்டும் நிலைத்தன. ஒவ்வோர் உடம்பும் ஒன்றைக் கொடுத்து ஒன்றைப் பெற்ற உடன்பாடே. அவ்வுடன்பாட்டிலிருந்து சம்பளப் பட்டியலுக்கு நியாயம் தேடுவது விஞ்ஞானமாகாது.

இவ்வளவையும் நாம் அறிந்துகொண்டது நம்மிடம் தமிழ் கற்ற மாணவியொருத்தியின் வாயிலாக. கடற்றொழிலாளர் குடும்பத்திற் பிறந்தவள். விலங்கியலிலே சிறப்புப் பட்டமும், வெளிநாடொன்றிற் கலாநிதிப் பட்டமும் பெற்றவள். சுவரில் ஏறும் பல்லிகளின் கால்களை ஆராய்கிறாள். கலாநிதியான பின் ஐந்தாண்டுகளில் மூன்று ஒப்பந்தங்கள், இரண்டு நாடுகள். ஒப்பந்தத்தின் முதல் ஆறு மாதம் கருவிகளைப் பழகுவதிலும் இறுதி ஆறு மாதம் அடுத்த வேலைக்கு விண்ணப்பம் எழுதுவதிலும் கழிய, இடையில் எஞ்சுவதே ஆராய்ச்சிக் காலம் என்று அவள் எழுதினாள். ஓர் ஆய்வுகூடத்தில் ஒன்றரை ஆண்டு இரவும் பகலும் அவள் எடுத்த படங்களைக் கொண்டு, அவள் அங்கிருந்து நீங்கிய பின்னர் கட்டுரையொன்று வெளிவந்தது. அவளது பெயர் அதன் நன்றியுரையில், கடைசி வரியில் இருந்தது. மைபிரிட்ஜின் கதையை நமக்கு எழுதி அனுப்பியவளும் அவளே. குறையாக ஒரு சொல்லும் எழுதவில்லை. கதையை மட்டும் எழுதியிருந்தாள்.

அவளது தாயாரைச் சந்தையிற் காணும் போதெல்லாம் அவர் கேட்பது ஒன்றுதான்: “பிள்ளைக்கு வேலை நிரந்தரமாகீட்டுதோ, மாஸ்ரர்? படிப்பு முடிஞ்சுதெண்டினம், பிறகும் ஒவ்வொரு வரியமும் சோதினை எழுதிறவள் மாதிரியெல்லோ கிடக்கு.” பல்கலைக்கழக நிருவாகிகள் பல பக்கங்களில் மறைத்துச் சொல்வதை அந்த அம்மா இரண்டு வாக்கியத்திற் சொல்லிவிட்டார்.

இது ஒருத்தியின் விதியன்று; ஓர் ஏற்பாடு. இன்றைய பல்கலைக்கழக ஆராய்ச்சியில் அன்றாட வேலையின் பெரும்பகுதி முதுநிலை மாணவர்களாலும் குறுகிய கால ஆய்வாளர்களாலும் நடைபெறுகிறது. 2022 நவம்பரில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் கல்வித் தொழிலாளர் ஏறத்தாழ 48,000 பேர் வேலைநிறுத்தம் செய்தனர். ஹட்சின்சன் கலாநிதிப் பட்டம் பெற்ற பேர்க்லி வளாகமும் அப்பல்கலைக்கழகத்தைச் சேர்ந்ததே. கலாநிதிப் பட்டத்தின் பின்னரான ஆய்வாளரும் மோட்டார்த் தொழிலாளர் சங்கமொன்றின் கொடியின் கீழ் மறியல் வரிசையில் நின்று, டிசம்பரிற் சம்பள உயர்வோடு புதிய ஒப்பந்தம் பெற்றனர். மூளையுழைப்பாளன் தன்னை உழைப்பாளி என்று உணர்ந்த நாள் அது.

இவ்விடத்தில் நம் பக்கத்தார் எழுப்பும் மறுப்பொன்றுக்கு விடை கூற வேண்டும். ஆசிரியர் சங்கத்து நண்பரொருவரிடம் இவ்விடயங்களைப் பேசியபோது அவர் சினந்தார். “சனம் 2022இலை மண்ணெண்ணெய்க்கும் காசுக்கும் ரோட்டிலை வரிசையிலை நிண்ட நாடு இது. யானை ஓடினாலென்ன, நடந்தாலென்ன?” என்றார். அவரது சினம் நியாயமானது, முடிபு நியாயமானதன்று.

முதலாவது, பயன் என்பது கேட்ட இடத்தில் கேட்டவுடன் முளைப்பதன்று. கப்பலுக்கென்று கண்ட விதி டைனோசரின் காலடிக்கு உதவிற்று. ஸ்டான்போர்ட்டில் உருவாகி 2007இல் யாவருக்கும் இலவசமாக வெளியிடப்பட்ட ஓப்பன்சிம் என்னும் கணினி நிரல், மூளைவாதத்தால் முழங்கால் மடிந்து நடக்கும் பிள்ளைகளின் நடையை விளங்கிக்கொள்ளவும் பயன்படுகிறது. விலங்குகளின் அசைவை ஆராயவும் பயன்படுகிறது. தசையின் கணக்கு ஒன்றேயாதலால், ஒன்றை மறுத்து மற்றையதைப் பெறுதல் அரிது.

இரண்டாவது, இதுவே நமக்கு முக்கியமானது. அறியும் ஆவல் செல்வருக்கு மட்டும் உரிய ஆடம்பரம் என்று யார் விதித்தனர்? உயிரின் பருமனுக்கும் வடிவத்துக்கும் உள்ள தொடர்பை 1926இல் எழுதிய கட்டுரையொன்றிலே அழகுற விளக்கிய ஹால்டேன், பின்னர் பல ஆண்டுகள் டெய்லி வேர்க்கர் பத்திரிகையில் பிரித்தானியத் தொழிலாளருக்காக விஞ்ஞானக் கட்டுரைகளை எளிய மொழியில் எழுதினார். சுரங்கத்திலும் ஆலையிலும் உழைத்துக் களைத்தவனுக்கு மீனின் மூச்சும் எலியின் எலும்பும் எதற்கு என்று அவர் எண்ணவில்லை. 1957இல் இந்தியாவுக்குக் குடிபெயர்ந்த அவர், 1964இல் புவனேசுவரத்திற் காலமாகும் வரை விஞ்ஞானத்தை மக்களிடம் எடுத்துச் செல்லும் பணியைக் கைவிடவில்லை. பசித்தவனுக்குச் சோறு வேண்டும். அதற்காக அவனுடைய பிள்ளை வினா எழுப்பலாகாது என்று சொல்வதற்கு நாம் யார்? ஸ்டான்போர்ட் தம் ஐயத்தைத் தீர்க்கப் பன்னிரண்டு கமராக்களை வாங்க வல்லவராயிருந்தார். கடற்றொழிலாளியின் மகளுக்கும் அதே ஐயம் எழலாம். அவளுக்கு அக்கருவியையும் அதற்கான காலத்தையும் தரவல்ல சமுதாயத்தை நாடுவதே நமது நிலைப்பாடு.

ஆகவே வகுப்பறையில் நாம் செய்யக்கூடியவை சில உள. தமிழ் ஆசிரியர் நடையைப் பற்றிப் பாடம் சொல்லும் நாளில் இரண்டு நிமிடம் யானையின் நடையையும் சொல்லலாம். தூய தமிழில், கணக்கோடு சொல்லலாம். விஞ்ஞான ஆசிரியர் கலிலியோவின் விதியைப் படிப்பிக்கையில் அவர் இருந்த வீட்டுக்காவலையும், குதிரைப் படத்தைக் காட்டுகையில் பாறை பிளந்த சீனரையும் படம் எடுத்தவரின் வழக்கையும் சேர்த்துச் சொல்லலாம். ஆராய்ச்சிக்குப் போகும் மாணவருக்கு வாழ்த்துக் கூறும்போது, ஒப்பந்தத்தை வாசித்துக் கையொப்பமிடுமாறும் தொழிற்சங்கத்திற் சேருமாறும் கூறலாம். நமது சங்கங்களும், ஆசிரியரின் சம்பளத்தைக் கேட்கும் மேடையில், பல்கலைக்கழகங்களிலே தற்காலிகமாக வேலை செய்வோரின் நிலையையும் கேட்க வேண்டும்.

நம் மாணவியின் இப்போதைய ஒப்பந்தம் வருகிற ஆண்டின் நடுவில் முடிவடைகிறது. பல்லிகளைப் பற்றிய அவளது கட்டுரையொன்று அதற்குள் வெளிவரும் என்று நம்புகிறோம். அதில் அவளது பெயர் எங்கே இருக்கிறது என்பதை முதலிற் பார்ப்போம். பின்பு பல்லியின் காலைப் பற்றி வாசிப்போம்.